பெருவிரலைப் பிடித்து எழுப்புகிறவர்கள்

என் புருஷன் வலன்ரைன் கெட்டவரல்ல. அவருடைய நித்திரைதான் கெட்டது. கும்பகர்ணனே இவரைக் கண்டிருந்தால் "படுத்தது காணும் தம்பி, எழும்பு" என்று சொல்லியிருப்பான். மன்னார்ப் பட்டினத்துக் கந்தோரில் கிளாக்கர் உத்தியோகம். எங்கள் ஊர் தோட்டவெளியிலிருந்து தினமும் நடந்து போக வேண்டும். தட்டியும் பார்த்திருக்கிறேன், கத்தியும் பார்த்திருக்கிறேன், கிணற்றுத் தண்ணீரை வாளியோடு முகத்தில் கவிழ்த்தும் பார்த்திருக்கிறேன். ஈரத் தலையணையைப் புரட்டிப் போட்டுவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுப்பார்.

ஒருநாள் துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டார், இன்னும் ஒரு தரம் பிந்தினால் கந்தோர் வாசலை மிதிக்க வேண்டாம் என்று. அன்று பின்னேரம் செத்த வீட்டுக்குப் போய்வந்த முகத்தோடு கதிரையில் இருந்தார். பிறகு ஒரு கடதாசியை எடுத்து நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டினார். விடியமுன் எழும்புதல், கிணற்றில் முழுக்கு, கடற்கரையில் நடை, கஞ்சி, செபம், கந்தோர். கள்ளு என்ற சொல் அதில் எங்கேயும் இல்லை.

"முதல் வரியை ஆர் செய்யிறது?" என்று கேட்டேன். "எழும்பினால்தானே மிச்சம்!"

"அதுக்கு ஆள் பிடிச்சிருக்கிறன்," என்றார்.

எங்கள் கத்தோலிக்க வேதக்காரச் சனத்திடம் ஒரு பழக்கம் உண்டு. கடலுக்குப் போகிறவர்கள், முதல் பூசைக்குப் போகிறவர்கள், நேரத்துக்கு எழும்ப வேண்டிய எவரென்றாலும் படுக்கும்போது வேண்டிக்கொள்வார்கள்: "உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்களே, விடிய எழுப்பிவிடுங்கோ, உங்களுக்காக மூண்டு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுறன்." எழுப்பிவிடுவார்கள். எழும்பினவுடன் சொன்ன மந்திரத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்த மந்திரங்களைப் பிடித்துக்கொண்டுதான் அவர்கள் பாவம் தீர வேகிற அந்த நெருப்பிலிருந்து மோட்சத்துக்கு ஏறுகிறார்கள். ஆனால் யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

இவர் பேர் சொன்னார். அதுவும் என்னைப் பெற்ற அப்புவின் பேர். அப்பு அமிர்தநாயகம் கோயில் மணி அடித்தவர். காய்ச்சலோடும் போய் அடித்தார்; ஒருநாளும் மணி பிந்தினதில்லை. போன வருஷம்தான் கண்ணை மூடினார்.

மறுநாள் கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டு விழித்தேன். வெளியே வானம் இன்னும் வெளிக்கவில்லை. இவர் தலை துவட்டிக்கொண்டு நிற்கிறார்!

"ஆரப்பா உங்களை எழுப்பினது?"

"மாமாதான். கால் பெருவிரலைப் பிடிச்சு இழுத்தார்."

எனக்குச் சீவன் போய்விட்டு வந்தது. சின்ன வயதில் அப்பு எங்களை எழுப்பினதும் அப்படித்தான். இதை நான் இவருக்குச் சொன்னதே கிடையாது.

ஆனாலும் உள்ளதைச் சொன்னால் என்ன, எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. மனுஷன் மாறிவிட்டார். தொந்தி வற்றியது. கள்ளுக்கொட்டில் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. கந்தோரில் கதவு திறக்கமுன் போய் நின்றார். தலைமைக் கிளாக்கர் வேலை இவருக்குத்தான் என்று துரையே வாய்விட்டுச் சொன்னாராம். பின்னேரத்தில் என் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும் இவருக்கு நேரம் கிடைத்தது. கலியாணம் முடித்த புதிதில்கூட அப்படிக் கதைத்ததில்லை. அப்பு செத்தும் எனக்கு நல்லது செய்கிறார் என்று கோயிலில் அழுதேன்.

பிறகு அந்தக் கை நேரத்துக்கு முந்தியே வரத் தொடங்கியது. சேவல் கூவுமுன் வந்தது, நிலவு மறையுமுன் வந்தது, கடைசியில் இவர் கண்ணை மூடிக் கொஞ்ச நேரத்திலேயே விரலைப் பிடித்தது. இவருக்கோ புளுகம், சந்தோஷம் தாங்கவில்லை! நேரசூசியில் புதுப்புது வரிகள் ஏறின. தேகாப்பியாசம், இங்கிலீசுப் படிப்பு, இன்னும் ஒரு நடை.

"பார் பெற்றிசியா, மற்றவனுக்கு ஒரு நாள். எனக்கு அதுக்குள்ள ரெண்டு நாள்," என்பார்.

கண் குழிக்குள் போய்விட்டது. பெருவிரல் நாவற்பழம் போலக் கன்றிக் கிடந்தது. அதை மறைக்கத்தான் சப்பாத்தைக் கழற்றாமல் வீட்டுக்குள் திரிகிறார் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

அப்புவின் ஆண்டுத் திவசம் கிட்ட வந்தது. "சுவாமியாரிட்டைப் போய்ப் பூசை கேட்டிட்டு வாறன்," என்றேன்.

"இந்த வருஷம் வேண்டாம்."

"என்ன விசர்க் கதை கதைக்கிறீங்கள்?"

தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "மாமா மோட்சத்துக்குப் போயிட்டா என்னை ஆர் எழுப்புறது?"

எனக்குச் சட்டென்று ஏறவில்லை. பிறகு கேட்டேன். "அப்ப நேர்ந்த மந்திரம்? மூண்டும் சொல்லுறீங்கள்தானே?"

"ஒண்டுதான் சொல்லுறனான். அதையும் பாதியில விட்டிடுவன். முழுக்கச் சொன்னா அவர் போயிடுவார் எண்டு பயம்."

கையில் இருந்த அகப்பையைச் சுவரில் எறிந்தேன். நேரசூசியில் குழம்பு வழிந்தது. பெற்ற தகப்பனை நெருப்புக்குள் நிறுத்திவைத்துவிட்டு, இந்த மனுஷன் கடற்கரையில் காற்று வாங்குகிறார்!

அன்றைக்கு நான் நித்திரை கொள்ளவில்லை. இவருடைய கால்மாட்டில் பாயைப் போட்டுக்கொண்டு கிடந்தேன். வந்த ஆள் கண்ணுக்குத் தெரியவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. அப்புவுக்குத் தொய்வு, மணிக்கயிற்றை இழுத்து முடித்தால் அப்படித்தான் இளைப்பார். இவருடைய பெருவிரல் தானாக வளைந்தது. மெதுவாக, விட்டுவிட்டு, ஒரு பிச்சைக்காரன் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுக்கிறதைப் போல. அவர் எழுப்ப வரவில்லை. மந்திரத்தைக் கேட்டுக் கெஞ்ச வந்திருக்கிறார். ஐயோ அப்பு!

வெளித்ததும் ஓடிப்போய்ச் சுவாமியாரின் காலைப் பிடித்தேன். "ஆற்ரை பேருக்கு?" என்று கேட்டார். "அமிர்தநாயகம்," என்றேன். அந்தக் கிழமையே பூசை ஒப்புக்கொடுத்தார். பூசை முடிகிறபோது என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. அப்பு போய்விட்டார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் இவர் எழும்பினார். தானாக, சரியான நேரத்துக்கு! யாரும் விரலைத் தொடவில்லை. பழக்கம் உடம்பில் ஊறிவிட்டது. நான் கைதட்டிச் சிரித்தேன். இவருடைய முகமோ பேயறைந்தது போல இருந்தது.

"மாமா வரேல்லை. நீ பூசை குடுத்திட்டாய்."

"ஓம், குடுத்தனான். அதுக்கென்ன? நீங்களாத்தானே எழும்பினீங்கள்!"

"இண்டைக்குத் தற்செயலா எழும்பிட்டன். நாளைக்கு?"

தன்னால் முடியும் என்று அந்த மனுஷன் நம்பவே இல்லை. எத்தனை தரம் சொன்னேன்! அன்றிரவு படுக்கும்போது என் காதுபடச் சொன்னார்: "மாமா இல்லாட்டி வேற ஆரெண்டாலும் வாங்கோ. இந்த வழியால போற ஆரெண்டாலும் என்னை எழுப்புங்கோ." உத்தரிக்கிற ஸ்தலம் என்ற சொல்லே அவருடைய வாயில் வரவில்லை. வாயைப் பொத்தப் போனேன். பிந்திவிட்டது.

எங்கள் வளவுக்கு முன்னால் போவது பழைய பாதை. ரயில் வந்த பிறகு அதில் கழுதைகள்தான் நடக்கின்றன.

விடியப்புறம் வந்தது ஒரு கையல்ல. கட்டில் ஆடியது. இவருடைய விரல், கணுக்கால், தோள், தலைமயிர் எல்லாவற்றையும் இழுத்தார்கள். என் காதுக்குப் பக்கத்தில் யாரோ வறண்ட தொண்டையால் சொன்னது கேட்டது: "எந்திரி, நடக்கணும்." அது எங்கள் ஊர்ப் பேச்சல்ல. இவர் கண்ணைத் திறக்காமலே எழும்பிப் படலையைத் தள்ளிக்கொண்டு போனார். முழுக்குமில்லை, கஞ்சியுமில்லை.

கந்தோருக்குத்தான் போகிறார் என்று பின்னால் ஓடினேன். பட்டினம் வந்தது, கந்தோர் வந்தது. அந்த வாசலைத் திரும்பியும் பார்க்காமல் நேரே நடந்தார். மன்னார்த் தீவு முடிகிற இடத்தில் கடலுக்குள் இறங்கி, பெருநிலத்து அக்கரைப் பக்கம் முழங்கால் தண்ணீரில் நடந்துகொண்டே போனார். நான் சீலையோடு இறங்கி இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். அப்போதுதான் கண் திறந்தார். "தண்ணி விடாய்க்குது," என்றார், கடலுக்குள் நின்றுகொண்டு.

அன்றும் கந்தோர்க் கதிரையில் நேரத்துக்கு இருந்தார், உடுத்திருந்த ஈரச் சாரத்தோடு. மறுநாளும் நடந்தார். தண்ணீர் நெஞ்சுவரை வந்துவிட்டது. இனி ஒருநாள் நான் பிந்தினால் எனக்குப் புருஷன் இல்லை.

சுவாமியாரிடம் போனேன். "பூசை வைக்கலாம், ஆற்ரை பேருக்கு?" என்றார். என்ன பேரைச் சொல்லுவேன்? அழுதுகொண்டு திரும்பி வரும்போது பக்கத்து வளவு ஹவ்வா உம்மா வேலிக்கு மேலால் என்னைக் கூப்பிட்டா.

"என்ன புள்ள, ஆரோ மௌத்தான மாதிரி அழுறா?"

எல்லாவற்றையும் கொட்டினேன். அவ சிரிக்கவில்லை.

"இது அந்தச் சனந்தான் புள்ள. இந்தியாவில இருந்து கோப்பித் தோட்டத்துக்கு இந்த வழியாத்தான் நடத்தி, கடலுக்குள்ள இறக்கிக் கொண்டுபோனாங்க. விடியமுன்ன கங்காணி அடிச்சு எழுப்புவானாம். வாந்திபேதியில உழுந்தவங்கள, சின்னப் புள்ளயெண்டும் பாக்காம, அப்பிடியே உட்டுட்டுப் போயிருவாங்க. தண்ணி கேட்டு வந்தா, நம்மட ஆக்கள் நோய் ஒட்டிரும் எண்டு கிணத்தடிய முள்ளுப் போட்டு அடச்சாங்களாம். எங்கட வாப்பாவும் அடச்சவருதான்." பாதையைப் பார்த்துக்கொண்டு சொன்னா: "அவங்களுக்கு உங்கட மந்திரமும் தெரியா, எங்கட ஓதலும் தெரியா."

அடுத்த நாள் அவர்களுக்கு முன்னே நான் எழும்பினேன். கிணற்றுத் தண்ணீரைக் குடம் முட்ட அள்ளிப் படலைக்கு வெளியே பாதையோரத்தில் வைத்தேன். பக்கத்தில் ஒரு சிரட்டையும் வைத்தேன். கதவைச் சாத்திவிட்டு இவருடைய கால்களை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டு இருந்தேன். சிரட்டை குடத்தில் முட்டும் சத்தம் கேட்டது. நிற்காமல், வெகுநேரம் கேட்டது. பிறகு கால்கள் நடந்து போகிற சத்தம்.

இவர் அசையவில்லை. குறட்டை விட்டார்.

சூரியன் ஏறியது. கந்தோர்ப் பியோன் வந்து படலையில் நின்றான். "ஐயா எங்க? துரை கொதிச்சுக்கொண்டு நிக்கிறார்."

"ஐயா நித்திரை."

"எழுப்புங்கோவன் அம்மா!"

"மாட்டன்," என்றேன்.

வேலை போய்விட்டது. தலைமைக் கிளாக்கர் ஆகவேண்டிய மனுஷன் இப்போது கருவாடு கட்டி ரயிலில் ஏற்றி அனுப்புகிறார். பழையபடி வெயில் முகத்தில் அடிக்கும்வரை படுப்பார். அந்தக் குறட்டையைக் கேட்டாலே எனக்குப் போதும்.

நேரசூசி இப்போது எனக்குத்தான். மழையோ பனியோ, சேவலுக்கு முன்னே எழும்பிக் குடத்தை நிரப்பி வைத்துவிடுவேன். திரும்ப எடுக்கப் போகும்போது அது காய்ந்து கிடக்கும். ஒரேயொரு நாள், காய்ச்சலில் கண் அசந்து பிந்திப்போனேன். விழித்தபோது என் பெருவிரலை ஒரு கை பிடித்துக்கொண்டிருந்தது. இழுக்கவில்லை, பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தது. அந்தக் கை என் விரலைச் சுற்றி முழுதாக எட்டவில்லை. அவ்வளவு சின்னக் கை.

"வாறன் ராசா, வாறன்," என்று சொல்லிக்கொண்டு எழும்பிக் கிணற்றடிக்குப் போனேன்.