ஒரு டம்ளர் மறுநாள்

மீன்குழம்பு மறுநாள் ருசிப்பதற்குக் குழம்பின் திறமைதான் காரணம் என்று நம் மக்கள் நெடுங்காலமாக நம்பி வருகிறார்கள். இது திருத்தப்பட வேண்டிய பிழை. குழம்பு ஒன்றும் செய்வதில்லை. வைத்த இடத்தில் இருக்கிறது. மறுநாள்தான் சட்டிக்குள் வருகிறது. அதற்குக் கால் கிடையாது. எனவே கிருமிகளின் முதுகில் ஏறி வருகிறது.

நான் வேலை பார்க்கும் கம்பெனி கிருமியெதிர்ப்புத் தாள் தயாரிக்கிறது. கிராம்பெண்ணெய் ஊட்டிய, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாள். அதில் சுற்றிய பண்டம் சுற்றிய வேளையிலேயே இருக்கும். சனிக்கிழமை மதியம் என் மனைவி பிலோமினா சீலாமீன் குழம்பை இறக்கி வைத்ததும், ஈ மொய்க்கக் கூடாதே என்று சட்டியை அதில் சுற்றினேன்.

சாயங்காலம் அவள் தாளைப் பிரித்து, ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கினாள்.

“ஏங்க, இது மதியத்தை விட்டு நகரவே இல்லையே.”

நானும் குனிந்து பார்த்தேன். மதியம்தான். சட்டிக்குள்ளிருந்து முகத்தில் லேசாக வெயில்கூட அடித்தது.

மறுநாள் அவளுடைய அண்ணன் சூசை வருவதாக இருந்தது. அவர்கள் குடும்பத்தில் புதுக்குழம்பு விருந்தாளிக்கு, பழங்குழம்பு சொந்தத்துக்கு. போன முறை அன்றைக்கு வைத்த குழம்பை ஊற்றியதும், கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனவர், அதன் பிறகு தங்கையோடு பேசவில்லை. இப்போது அவராகவே போன் செய்திருந்தார்.

“இதையும் ஊத்துனா அண்ணன் இனி இந்த வாசப்படிய மிதிக்க மாட்டாவ,” என்றாள் பிலோமினா. “பக்கத்து வீட்டுல கேளுங்க. உறை ஊத்திப் பாப்போம்.”

டம்ளரோடு போனேன். செண்பகவல்லி அக்கா விளக்கின் முன் தீப்பெட்டியும் கையுமாக நின்றிருந்தார்.

“அக்கா, கொஞ்சம் மறுநாள் இருக்குமா?”

“அந்தத் தாளைச் சுத்துனீயளாக்கும்.”

“ஆமாக்கா.”

“இதுக்கு ஒங்க கம்பெனிக்காரன் சம்பளம் வேற குடுக்கான் பாருங்க. விளக்கு வச்ச பொறவு வந்திருந்தா மறுநாளை வெளிய குடுத்திருக்க மாட்டேன். டம்ளரை நீட்டுங்க.”

உறைக்கு ஒரு கரண்டி போதும். அவருக்குத் தாராளமான கை. தளும்பத் தளும்ப ஊற்றினார்.

“உங்களுக்கு வேணுமேக்கா?”

“அடியில கெடக்கும். கொண்டு போங்க.”

சிந்தாமல் கொண்டுவந்து சட்டியில் ஊற்றி, ஆடாமல் மூலையில் வைத்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சூசை மச்சான் வந்தார். யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார். முதல் கவளத்தை வெகுநேரம் மென்றார். பிலோமினா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏட்டி,” என்றார் கடைசியில், “தலைத் துண்டை யாருக்கு ஒளிச்சு வச்சிருக்க?”

“ஒனக்குத்தான், வேற யாருக்கு?” என்று அவள் சட்டியோடு ஓடி வந்தாள்.

அப்போது மணி பதினொன்று. பக்கத்து வீட்டில் மட்டும் இன்னும் விடியவில்லை. நேற்று ஏற்றிய விளக்கு உள்ளே எரிந்துகொண்டிருந்தது. பால்காரர் அவர்கள் மதிலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்து, எங்களோடு சாப்பிட உட்கார்ந்தார்.