காரேறி வந்தீரே ஐயா

வகுப்பறையில் நாட்டுப்புறப் பாடல்களைப் பயன்படுத்துவது எப்படி என்று இசை ஆசிரியர்கள் நாற்பது பேருக்கு மூன்று நாள் பயிற்சி. திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு கல்யாண மண்டபம். பயிற்றுநர் வரதராஜன் சென்னையிலிருந்து வந்திருந்தார். பாட்டில் மண்வாசனை வேண்டும், மண் ஒட்டியிருக்கக் கூடாது என்றார். நடவுப் பாட்டில் வந்த சாராயத்தை மோராக்கினார்.

முதல் நாள் ஆளுக்கொரு பாட்டு எழுதித் தரச் சொன்னார். சொந்த வீட்டில் காதால் கேட்டதாக இருக்க வேண்டுமாம். எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வந்தது. என் கணவர் இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அரக்கோணத்தில் ரயில்வே வேலை அவருக்கு. அவரைக் கிடத்தியிருந்த அன்றைக்கு, "பாட்டு டீச்சராம், வாயத் தொறக்கல பாரு" என்று உறவுக்காரர்கள் முணுமுணுத்தபோது, பெரியம்மா சின்னம்மாள் எனக்குப் பதிலாகப் பாடினார்:

ரயிலேறிப் போனீரே பாவா – ஆக்கின
சோறாறிப் போகுதே பாவா

அதை எழுதினேன். படிவத்தில் வகை என்ற கட்டத்தை நிரப்பவில்லை.

வரதராஜன் முனகிப் பார்த்தார். "என்ன மெலடி! மூணாம் நாள் கல்வி அதிகாரி வர்றப்போ இதையே வரவேற்புப் பாட்டா வெச்சிடலாம்."

"சார், அது வந்து..."

"கூச்சப்படாதீங்க டீச்சர்."

செத்துப்போனார் என்ற சொல்லை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்றும் வரவில்லை. அத்தானை எங்கள் பக்கம் பாவா என்போம்; அது தெலுங்கு என்று வரதராஜன் 'ஐயா' ஆக்கினார். 'போனீரே' எதிர்மறையாம், 'வந்தீரே' ஆனது. அதிகாரி ரயிலில் வருவதில்லை, ஆகவே கார்.

அம்மையார்குப்பம் இளம்பரிதி சார் என் காதருகே வந்தார். "டீச்சர், இது ஒப்பாரி மாதிரி கீதே?"

"ஆங். நீங்க சொல்லுங்களேன்."

"எனக்கு சர்டிபிகேட் வேணுங்க."

மூன்றாம் நாள் கல்வி அதிகாரி இரண்டு மணி நேரம் தாமதமாக வந்தார். மாலை போட்டு மேடையில் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். நாற்பது பேரும் சுற்றி நின்று மைக்கில் பாடினோம். 'சோறாறிப் போகுதே ஐயா' என்ற இடத்தை எல்லோரும் மனமுருகிப் பாடினார்கள். அதிகாரி கண்மூடி ரசித்தார்.

இரண்டாம் சுற்றில், பின்கட்டில் சமைத்துக்கொண்டிருந்த கெங்கம்மாள் கரண்டியோடு ஓடிவந்தார். "ஐயையோ, யாரு பூட்டாங்க? மாலையப் போட்டு குந்தவெச்சிகினு கீறீங்களே!"

அதிகாரி கண்ணைத் திறந்தார். முதலில் மாலையைக் கழற்றினார்.

"ஏம்மா, இது வரவேற்புப் பாட்டு!" என்றார் வரதராஜன்.

"எத்தினி எழவுல குந்திகினு பாடியிருக்கேன், எனக்கா தெரியாது?"

வரதராஜன் என் பக்கம் திரும்பினார். "டீச்சர், நீங்களே சொல்லுங்க. கையேட்டுல வரவேற்புப் பாட்டுன்னு போட்டு எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பப்போறோம்."

தலையாட்டினால் போதும். அடுத்த ஆண்டிலிருந்து, மாலை போட்டுக்கொண்ட ஒவ்வொருவர் முன்னாலும் பிள்ளைகள் இதைப் பாடுவார்கள்.

"இல்ல சார். என் வீட்டுக்காரர் செத்தப்போ பாடினது."

வரதராஜன் படிவத்தை எடுத்து, வகை என்ற கட்டத்தில் 'இதர' என்று எழுதினார்.

கெங்கம்மாள் கரண்டியைக் கீழே வைத்தார். "அவரு பேரு இன்னாம்மா?"

"சிவப்பிரகாசம்."

மேடையிலேயே உட்கார்ந்து, என்னையும் இழுத்து உட்காரவைத்துத் தோளில் கை போட்டார். "ஆங், நீ எடு. நான் கூட வரேன்."

ரயில் என்றே தொடங்கினேன், பாவா என்றே முடித்தேன். மைக்கை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.