கதவிலும் ஒழுகுகிற கார்

சனிக்கிழமை காலை ராஸ் காபிக் கோப்பையோடு வாசலுக்கு வந்தபோது காருக்கு அடியில் ஏழெட்டுச் சொட்டுகள் கிடந்தன. கார் வீட்டுக்கு வந்ததே முந்தின நாள் சாயங்காலம்தான். ஒன்பது வருஷம் ஓடிய கார். விற்றவன் அவனுடைய அண்ணன் லயல். அப்பா ஒருவர், அம்மா வேறு. ராஸ் வளர்ந்தது கனடாவின் மேற்குக் கடற்கரையில், விக்டோரியாவில். லயல் இந்த டிம்மின்ஸ் ஊரிலேயே பிறந்து இங்கேயே தலை நரைத்தவன்.

"ஆரம்பிச்சிட்டான்யா," என்றான் ராஸ், காரைப் பார்த்து. கோப்பையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

காரணம் இல்லாமல் சொல்லவில்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னால் அப்பாவின் சாவுக்கு வந்தவனிடம் லயல் அப்பாவின் பழைய டிரக்கைத் தள்ளிவிட்டான். "எஞ்சின் கல்லு மாதிரிடா" என்று தட்டி வேறு காட்டினான். அந்தக் கல் பாதி வழியில் கெனோரா என்கிற ஊரைத் தாண்டுவதற்குள் புகையைக் கக்கிப் படுத்துவிட்டது. எஞ்சின் எண்ணெய் குடிப்பது தெரியாமலிருக்கக் கெட்டி எண்ணெயை ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள் என்றார் அங்கிருந்த மெக்கானிக். ராஸ் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தான். அத்தோடு பேச்சு வார்த்தை நின்றது.

இந்த வருஷம் மனைவி நொரீனுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்துக் குடிவந்தார்கள். லயலே போன் செய்தான். "எங்கிட்ட ஒரு கார் இருக்கு, வந்து பாக்கறியா?" திங்கட்கிழமை, அக்டோபரில் வருகிற தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்கும் கூப்பிட்டான். அப்பா வழியில் ராஸுக்கு மிஞ்சியிருக்கிற ஒரே சொந்தம் அவன். அந்தச் சொந்தம் ஒட்டிக்கொள்ளட்டும் என்றுதான் ராஸ் காரை வாங்கினான். அது இப்போது சொட்டுகிறது.

பிரிட்ஜ் வந்த பெட்டியின் அட்டை ஒன்றைக் கிழித்துக் காருக்கு அடியில் தள்ளினான். ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தான். விரலில் தொட்டுத் தேய்த்தான், முகர்ந்தான். சிவப்பாக இல்லை, ஆகவே கியர் எண்ணெய் இல்லை. பச்சையும் இல்லை, தித்திப்பு வாசனையும் இல்லை, ஆகவே ரேடியேட்டர் தண்ணீர் இல்லை. தேன் நிறத்தில் பிசுபிசுவென்று ஏதோ ஒன்று. எஞ்சின் எண்ணெயை அளக்கும் கம்பியை உருவிப் பார்த்தால் அளவு சரியாக இருந்தது.

"பாத்தியா? குடுக்கறதுக்கு முன்னாடி நிரப்பியிருக்கான்!"

"அளவு சரியா இருந்தா நல்லதுதானே?" என்றாள் நொரீன்.

"உனக்கு அவனைத் தெரியாது."

ஞாயிற்றுக்கிழமையும் அளவு குறையவில்லை. அப்படியானால் மெதுவாக ஒழுகுகிற நயவஞ்சக ஒழுக்கு என்று முடிவு கட்டினான். பின் சக்கரத்துக்கு அருகிலும் சொட்டியது. அங்கே எஞ்சினும் இல்லை ஒன்றும் இல்லை. ஆக, ஒழுகுவது ஒரு இடமல்ல, இரண்டு இடம். சந்தேகம் பிடித்த மனசுக்கு எதைப் போட்டாலும் ஜீரணமாகிவிடும். லயல் குற்றமற்றவன் என்று கார் தன்னால் ஆன மட்டும் சொல்லிப் பார்த்தது, ராஸ் காதில் விழவில்லை. ஜில்லிட்ட தரையில் படுப்பதும், எழுந்து உள்ளே போவதும், திரும்பி வந்து படுப்பதுமாக இருந்தான்.

சாயங்காலம் டார்ச் அடித்தபோது கதவின் அடி விளிம்பிலிருந்து ஒரு சொட்டு இறங்கியது.

"நொரீன்! கதவு ஒழுகுது!"

"கதவுல என்ன ராஸ் இருக்கு ஒழுக?"

"அதான் கேக்கறேன்! துருவை மறைக்கக் கண்ட எண்ணெயைப் பூசியிருக்கான்."

"போன் பண்ணிக் கேட்டுத் தொலையேன். ரெண்டு நாளா நீ மனுஷனா இல்ல."

"கேட்டா பொய் சொல்வான். நேர்ல காட்டறேன்."

திங்கட்கிழமை விருந்துக்குப் போகும்போது அட்டை டிக்கியில் போயிற்று. லயலின் மனைவி பெர்னடெட் வான்கோழியும் உருளைக்கிழங்கு மசியலுமாக மேஜையை நிறைத்திருந்தாள். லயல் கறியை அறுத்து முதல் துண்டை ராஸின் தட்டில் வைத்தான். ராஸ் தின்றான், இரண்டாம் முறையும் வாங்கித் தின்றான். கால் மட்டும் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது.

"கார் எப்படி ஓடுது?" என்றான் லயல்.

இதற்குத்தான் காத்திருந்தான். எழுந்து வெளியே போனான்.

"ராஸ், வேண்டாம்," என்றாள் நொரீன். அதற்குள் அட்டை வந்து வெள்ளை மேஜை விரிப்பின் மேல், குழம்புக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டது.

"நீ வித்த காரோட லட்சணம் இது. முன்னாடி, பின்னாடி, கதவு, எல்லாப் பக்கமும் ஒழுகுது. இந்தத் தடவை எதை ஊத்தி எதை மறைச்ச லயல்?"

பெர்னடெட் குனிந்து அட்டையை முகர்ந்தாள். அடுத்த நிமிஷம் நாற்காலியில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"ஐயோ சாமி! துருவுக்கு அடிக்கிற எண்ணெய்ப்பா இது! பனிக்காலத்துல ஐஸ் உருக ரோட்டுல உப்பு கொட்டுவாங்கல்ல, அது காரைத் தின்னுடும். அதுக்காக வருஷா வருஷம் பனி விழறதுக்கு முன்னாடி அடியில, கதவுக்குள்ள, எல்லா இடத்துலயும் அடிப்போம். மூணு நாலு நாள் சொட்டத்தான் செய்யும். இந்த மாசம் அதை அடிக்கிற கடை எதுலயும் இடம் கிடைக்காது. தன் வண்டிக்குன்னு வாங்கி வச்சிருந்த நேரத்தை இந்த மனுஷன் உன் காருக்குக் குடுத்துட்டு வந்தாரு!"

பனி அதிகம் விழாத விக்டோரியாவில் ரோட்டில் உப்பைக் கண்டவர்கள் யார்? ராஸுக்கு முகமெல்லாம் சுட்டது.

லயல் சிரிக்கவில்லை.

"சொல்லியிருக்கலாமே," என்றான் ராஸ், குரல் எழும்பாமல்.

"எதைச் சொல்றது? இந்த ஊர்ல இது தெரியாத ஆள் இருப்பான்னு எனக்குத் தோணவே இல்ல." லயல் கத்தியைக் கீழே வைத்தான். "இதை டிக்கியில வச்சுக்கிட்டே வந்து என் மேஜையில உக்காந்து தின்னிருக்க. நம்பிக்கை இல்லேன்னா ஏன்டா வாங்கின?"

"நம்பணும்னுதான் வாங்கினேன்," என்றான் ராஸ். "முடியல லயல். ரெண்டு நாளா தரையில படுத்துக்கிட்டு முயற்சி பண்ணேன். முடியல."

லயல் எழுந்து கதவோரம் போனான். கோபத்தில் வெளியே போகிறான் என்று நினைத்து பெர்னடெட் பாதி எழுந்தாள். அவன் அங்கே தொங்கிய தன் கோட்டின் பாக்கெட்டில் கைவிட்டு எதையோ எடுத்து வந்து, சொட்டுகளுக்கு நடுவில் அட்டையின் மேல் வைத்தான். கார் சாவி.

"ஒரு சாவிதான் இருக்கு, இன்னொண்ணு தொலைஞ்சு போச்சுன்னு உங்கிட்ட சொன்னேன். தொலையல. உன் செக் பாஸாகட்டும்னு வச்சிருந்தேன்."

"இன்னும் ஆகலையா?"

"வியாழக்கிழமையே ஆயிடுச்சு."

"நீ காரைக் குடுத்தது வெள்ளிக்கிழமை."

"ஆமா," என்றான் லயல். "இதைப் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத்தான் குடுத்தேன்."

பெர்னடெட்டின் முகத்தில் சிரிப்பு போன இடம் தெரியவில்லை. ராஸ் சாவியை எடுத்தான். அது எண்ணெயில் பட்டு வழுக்கியது. துடைக்க ஏதாவது கிடைக்குமா என்று பார்த்தான். லயல் மேஜையிலிருந்து தன் கைதுடைக்கும் துணியை எடுத்து நீட்டினான்.