ஆதரிக்கப் போனவள்

வெர்னா ஹாக்ஸ்டெட்லர் சிறு அணு உலைகளுக்கு வழிவிடும் மசோதாவை ஆதரித்துப் பேசத்தான் மாநிலத் தலைநகருக்குப் போனாள். ஓஹையோ ஆற்றங்கரையில் இருக்கும் அவளுடைய ஊரில் நிலக்கரி மின்நிலையத்தை மூடப்போகிறார்கள். அங்கே சிறு அணு உலை வந்தால் பிள்ளைகளுக்கு வேலை மிஞ்சும் என்று வீடுவீடாகச் சொல்லி வந்தவள் அவள். மாவட்ட மன்ற உறுப்பினர் என்பதால் சட்டமன்றக் குழு அவளையும் கூப்பிட்டிருந்தது.

வாசலில் கொடுத்த மசோதாவை நின்றபடியே படித்தாள். அதில் ஒரு திருத்தம் புதிதாக ஏறியிருந்தது: உலை எங்கே வரவேண்டும் என்பதில் இனி மாவட்டத்தைக் கேட்க வேண்டியதில்லை. கொண்டுவந்தவன் கிரெய்க் டோபி, அவளுடைய தொகுதியின் சட்டமன்ற உறுப்பினன். வெர்னாவுக்கு முகம் சுட்டது.

உள்ளே கம்பெனிக்காரர்கள் சாவகாசமாகப் பேசி முடித்தார்கள். அவள் எழுந்ததும் குழுத்தலைவர் சிரித்தார்.

"பயப்படாதீங்கம்மா. இப்ப வர்ற உலையெல்லாம் ரொம்பப் பாதுகாப்பு."

"எனக்கென்ன பயம்? உலை வேணும்னு கேக்க வந்தவ நான். அவ்வளவு பாதுகாப்புன்னா, எங்கள ஒரு வார்த்தை கேக்க நீங்க ஏன் பயப்படுறீங்க? எரிஞ்சு முடிஞ்ச கழிவ எங்க வைப்பீங்க?"

"அது இந்த மசோதாவுல வராது."

"மசோதாவுல வராது. எங்க ஊருக்கு வரும், அப்படித்தானே?"

மைக்கை அணைத்துவிட்டார்கள். வாக்கெடுப்பில் கிரெய்க் அவள் பக்கம் திரும்பாமலே "சம்மதம்" என்றான்.

தாழ்வாரத்தில் அவனை மறித்தாள்.

"கோபப்படாதீங்க வெர்னா. நல்லதுதானே நடக்குது?"

"நல்லதுன்னா கேட்டுட்டுச் செய்யேன்."

"கேட்டா நாலு பேரு வேண்டாம்பாங்க."

"சொல்லட்டுமே! அவங்ககிட்டப் போய்ப் பேசுறதுதான்டா உன் வேலை. ஒரு வருஷமா அத நான் செய்றேன். உனக்கும் தெருத்தெருவா ஓட்டுக் கேட்டேன். எங்க வாயில துணிய அடைக்கவா உன்னை அனுப்புனோம்?"

அவன் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டான்.

மசோதா சட்டமானது. அடுத்த தேர்தலுக்கு வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கட்சியின் உட்தேர்தலில் வெர்னா அவனை எதிர்த்து நின்றாள். உலையே வேண்டாம் என்று அவளோடு மல்லுக்கு நின்றவர்கள்கூட அவளுடைய தேர்தல் பலகைகளைத் தங்கள் புல்வெளியில் நட்டார்கள். "உலை விஷயத்துல உன்னோட சண்டை தீரல. ஆனா நீ எங்ககிட்ட வந்து கேட்ட" என்றார் ஒரு விவசாயி.

உட்தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும் ஜெயித்தாள். ஊரைக் கேட்காமல் உலை கூடாது என்று அவள் கொண்டுவந்த மசோதாவை அதே குழுத்தலைவர் இன்னும் விசாரணைக்கு எடுக்கவில்லை. "நேரமில்லம்மா" என்கிறார். அவரது அறை வாசலில், வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் அவருக்கு நேரமில்லையாம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் வெர்னா.