வி. திரை

எங்கள் தொழிலில் எனக்கு அறவே பிடிக்காத வார்த்தை ‘கலங்கல்’. படமே வரவில்லை என்றால் மாடி ஏறிப் பார்க்கலாம். விட்டு விட்டு வருகிறது என்றால் வயரைத் தடவிப் பார்க்கலாம். கலங்கலாக இருக்கிறது என்று சொன்னால் நான் எங்கே போய் முட்டிக்கொள்வது? டிஷ்ஷில் வருகிற படம் வந்தால் வரும், வராவிட்டால் வராது, மிஞ்சிப்போனால் கட்டம் கட்டமாக உடையும். கலங்க அதற்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக இதைத்தான் செய்கிறேன், எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் இருந்தது.

நிதானம் அண்ணன் வீட்டிலிருந்து வந்த முதல் புகாரே அந்த வார்த்தைதான். அவர் பஸ் டிரைவர். இருபத்தாறு வருடத்தில் வண்டியில் ஒரு கீறல் விழவில்லை என்பதால் டிப்போவில் வைத்த பெயர் அது. கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவார். “நிதானம், குளிச்சு முடிச்சாச்சா, இல்ல நாளைக்குத்தான் வருவீங்களா?” மூன்றாவது மாடி, கடைசி வீடு. அவர்கள் இருவர், கல்லூரியில் உயிரியல் படிக்கும் ஒரு மகள், ஆளைக் கொல்லும் கனத்தில் ஒரு பழைய டிவி.

சிக்னலைப் பார்த்தேன். அளவும் தரமும் தொண்ணூறுக்கு மேல் நின்றன.

“எல்லாம் சரியாத்தான்ணே இருக்கு” என்றேன்.

“நம்பர் சரியா இருக்கு தம்பி. மூஞ்சியெல்லாம் கரைஞ்சுபோன மாதிரி இருக்கே, அதச் சொல்லு.”

எனக்கு முகங்கள் முகங்களாகத்தான் தெரிந்தன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு பையை மூடினேன். அவர் காக்கிச் சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு சீட்டை எடுத்து நீட்டினார்.

“நான் சொன்னா நம்ப மாட்ட. போன வாரம் டிப்போவுக்குக் கண்ணு பாக்க ஒரு நர்சம்மா வந்தாங்க. டிவி பாக்குறப்போ கலங்குதுன்னு சொன்னேன். லைட்டடிச்சுப் பாத்துட்டு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. படி.”

கோழிக் கிறுக்கல். ‘வி. திரையில் கசிவு. தாமதிக்காமல் காட்டவும்.’

“அவசரத்துல ‘டி’யை விட்டுட்டாங்க” என்றார் அண்ணன்.

கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்த ஒருத்தி எதற்கு ஐயா டிவியைப் பற்றி எழுதப்போகிறாள்? இரண்டு வளர்ந்த ஆண்கள், நாலு கண், அதைக் கேட்க ஒரு வாய் இல்லை. எனக்கு அன்று அது ஐந்தாவது வீடு. ஆறாவது வீட்டுக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். மாதம் பதினைந்து வீட்டையாவது எச்.டி.க்கு மாற்றிக் காட்டு என்று ஆபீசில் கழுத்தில் கத்தி வைத்திருந்தார்கள், நான் நாலில் நின்றேன். என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“டியூப் தேஞ்சுபோச்சுண்ணே. அதத்தான் கசிவுன்னு எழுதியிருக்காங்க. புது டிவியா ஒன்னு வாங்கி எச்.டி. போட்டுடுங்க. நெத்தியில வேர்வை நின்னாக்கூட தெரியும்.”

அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. எத்தனையோ வீட்டில் எச்.டி.யைத் தலையில் கட்டியிருக்கிறேன், ஒருவர்கூட அப்படி மூச்சு விட்டதில்லை. அது ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. சீட்டைப் பழையபடி நாலாக மடித்து லைசென்ஸ் கவருக்குள் வைத்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து, கையை விரித்தால் எட்டாத அகலத்தில் புது டிவி வந்தது. பெரிய டிவியில் சாதாரண பாக்ஸைப் போட்டால் படம் கொஞ்சம் மங்கித்தான் தெரியும். ஆக, அவர் சொன்ன புகார் பாதி நிஜமாகவும் ஆகிவிட்டது. எச்.டி. பாக்ஸ் இருப்பில் இல்லை, அடுத்த வாரம் வரும் என்று ஆபீசில் சொன்னார்கள். அந்த அடுத்த வாரம் ஆறு மாதம் நீண்டது. பாக்ஸ் வந்தபோது மகளுக்குப் பரீட்சை, முடிகிற வரைக்கும் வீட்டில் டிவி கிடையாது என்றார் அண்ணி. நடுவில் இரண்டு முறை போய், சரியாக இருந்த டிஷ்ஷைத் திருகிவிட்டு, திருப்பிச் சரியாக வைத்துவிட்டு வந்தேன். ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர் அண்ணன்தான்.

ஒரு வழியாக எச்.டி. மாட்டப் போன ஞாயிற்றுக்கிழமை காலை, வாசலிலேயே அண்ணி பிடித்துக்கொண்டார்.

“தம்பி, இன்னிக்காவது முடிச்சுக் குடுத்துடு. அடுத்த மாசம் டிப்போ டாக்டர் முன்னாடி இவர் போய் நிக்கணும். கண்ணு டெஸ்ட்ல தேறினாத்தான் வண்டி. கலங்கின படத்தப் பாத்துப் பாத்துத்தான் கண்ணு களைச்சுப்போச்சாம். நல்ல படம் வந்தா ஒரு மாசத்துல தெளிஞ்சிடுமாம்.”

“கண்டிப்பாண்ணி” என்றேன். கண்டிப்பாம்! நான் என்ன கண் வைத்தியனா?

மாடிக்குப் போய் டிஷ்ஷில் சிக்னல் வாங்கும் மூக்கைக் கழற்றிப் புதிது மாட்டினேன். துருப்பிடித்த வயர் முனைகளை வெட்டி எறிந்து புதுசு போட்டேன். கீழே வந்து பழைய பாக்ஸையும், சிவப்பு மஞ்சள் வெள்ளை என்று அதன் மூன்று வயரையும் பிடுங்கிவிட்டு, புது பாக்ஸுக்கு ஒற்றைத் தடி வயரைச் செருகினேன். ஆபீசுக்குப் போன் போட்டு பாக்ஸ் நம்பரைச் சொன்னேன். படம் வரப் பத்து நிமிடம் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நிமிடமும் அண்ணன் மேசையில் முட்டி இடிக்க நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து உட்கார்ந்திருந்தார்.

படம் வந்தது. ஒரு பெண் செய்தி வாசித்தாள். என் வேலையை நானே மெச்சக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அவள் காலரில் பிரிந்திருந்த நூல்வரை தெரிந்தது.

“அட! கழுத்துல பவுடர் திட்டுத்திட்டா நிக்குது பாருங்க!” என்றார் அண்ணி.

“ம்” என்றார் அண்ணன்.

“எப்படிண்ணே இருக்கு?”

“இன்னும் ஆகலையா?”

“எது?”

“அதான் தம்பி, எச்.டி.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “இதுக்கு மேல ஆக என்ன இருக்கு? இனி அந்தம்மா நேர்ல வந்து உக்காந்தாத்தான் உண்டு!”

யாரும் சிரிக்கவில்லை. மகள் அறையிலிருந்து வந்து நாற்காலிக்குப் பின்னால் நின்றாள்.

“அப்பா, கீழ ஓடுது பாருங்க, அந்த எழுத்தப் படிங்க.”

“இதுல என்ன இருக்கு? அணையில் நீர்மட்டம் நான்கு அடி உயர்ந்துள்ளது...” என்று கடகடவென்று சொன்னார். செய்தி வாசித்தவளும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். கீழே ஓடியது அது இல்லை. தேர்வு முடிவுகள் நாளை வெளியாகும் என்று ஓடிக்கொண்டிருந்தது.

மகள் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கிச் சத்தத்தை நிறுத்தினாள்.

“இப்பப் படிங்கப்பா.”

வீடு அமைதியாகிவிட்டது. சமையலறைக் குழாய் சொட்டுவது கேட்டது. அண்ணன் முன்னால் குனிந்தார். இன்னும் குனிந்தார். மூக்கு திரையில் படுகிற அளவுக்குப் போய், ஒரு கையால் அதன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“எழுத்து ரொம்பச் சின்னதா போட்டிருக்கான்” என்றார். ஒவ்வொரு எழுத்தும் என் கட்டைவிரல் உயரம் இருந்தது.

“ஏன்டி, பெத்தவருக்கே பரீட்சை வைக்கிறியா?” என்று அண்ணி பாய்ந்தார். “கண்ணு பாத்த நர்சம்மாவே கோளாறு டிவியிலதான்னு எழுதிக் குடுத்திருக்காங்க. உங்கப்பா லைசென்ஸ் கவர்ல இருக்கு, போய்ப் பாரு.” மகள் போகும்வரை காத்திருக்காமல் அவரே போய் எடுத்துவந்து, வழக்கில் ஜெயித்தவர் மாதிரி நீட்டினார்.

அவள் ஒரே முறைதான் படித்தாள்.

“அம்மா, இது டி.வி. இல்ல. விழித்திரை. கண்ணுக்குள்ள இருக்கிற திரை. அதுல கசியுது.” தேதியைப் பார்த்தாள். “பதினோரு மாசம் ஆச்சும்மா.”

அண்ணி அந்தச் சீட்டை வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். “இத வேற யாரும் படிக்கவே இல்லையா?”

“நான்தான் படிச்சேன்” என்றார் அண்ணன். முகத்தை டிவியிடமிருந்து திருப்பவில்லை.

நான் கீழே உட்கார்ந்து பழைய வயர்களைச் சுருட்ட ஆரம்பித்தேன். மூன்று சாண் வயர். அதைச் சுருட்ட எனக்கு அவ்வளவு நேரம் ஆனதே இல்லை.

ஆறு வாரம் கழித்து, காற்றில் டிஷ் திரும்பிப் படமே வரவில்லை என்று அந்த வீட்டிலிருந்து புகார் வந்தது. வேறு ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். போனேன்.

கதவைத் திறந்ததும் அண்ணி கொட்டித் தீர்த்துவிட்டார். சர்க்கரை முற்றிக் கண்ணைத் தின்றிருக்கிறது. முதல் மாதத்திலேயே வந்திருந்தால் இரண்டு கண்ணையும் நிறுத்திப் பிடித்திருக்கலாம் என்றாராம் டாக்டர். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் மிச்சமிருப்பது, கதவு எது சுவர் எது என்று காட்டுகிற அளவுக்கு. அதையாவது காப்பாற்ற மாதம் ஒரு ஊசி. டிப்போவில் காக்கியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

“எழுதப் படிக்கத் தெரிஞ்ச மனுஷன் தம்பி! ஒத்த வரிச் சீட்டு! இப்ப ஊசி, மாத்திரை, பத்தியம்னு ஓடி என்ன பிரயோஜனம்? கண் கெட்டப்புறம்...”

அதோடு நிறுத்திக்கொண்டார். அந்தப் பழமொழியை எதற்கெல்லாமோ சொல்கிறோம், ரயிலை விட்டவனுக்குக்கூடச் சொல்கிறோம். அவர் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு, காயப்போட்ட துணியை எடுக்க மாடிக்குப் போனார்.

நானும் மாடி ஏறினேன். டிஷ்ஷைத் திருப்பி முடுக்கிவிட்டுக் கீழே வந்தபோது அண்ணன் அதே நாற்காலியில் இருந்தார். ஆளை நேராகப் பார்க்காமல் முகத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஓரத்தால் பார்க்கப் பழகியிருந்தார். நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். மனப்பாடம் செய்துவந்ததெல்லாம் மறந்துவிட்டது.

“அண்ணே, அந்தச் சீட்ட நானும் படிச்சேன்.”

“தெரியும்.”

“அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா உன்ன ரெண்டு நாள் திட்டுவா. மூணாம் நாள் எங்கிட்டதான் திரும்பி வருவா. எதுக்கு வீண் அலைச்சல்?”

அவர் சிரித்தார். நான் அவர் நாற்காலிக்கு இன்னும் கிட்டே நகர்ந்தேன். “நான்தாண்ணே உங்களக் கெடுத்தேன். டியூப் தேஞ்சுபோச்சுன்னு வாய்க்கு வந்ததச் சொன்னேன்.”

அவர் மாடிப் பக்கம் காதைத் திருப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“டிவிதான் கலங்குதுன்னா ரோடு ஏன் தம்பி கலங்கணும்?”

நான் அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

“அந்த நர்சம்மா வாயாலயும் சொன்னாங்க. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு. போனா அன்னிக்கே சாவிய வாங்கிடுவாங்க. பொண்ணு படிப்பு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. எனக்கு ஸ்டியரிங்க விட்டா வேற ஒன்னும் தெரியாது. டிவிதான்னு சொல்ல யாராவது ஒரு ஆள் வேணும்னு இருந்துச்சு. நீ சொன்ன.” மூச்சை இழுத்துக்கொண்டார். “கடைசி மூணு மாசம் எதிர்ல வர்ற வண்டிய சத்தத்த வச்சுத்தான் ஒதுக்கினேன்.”

ஐம்பது பேர் ஏறுகிற வண்டி. காலையில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். அந்த ஆளை ஓங்கி அறைய வேண்டும் போலவும் இருந்தது, காலைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டும் செய்யவில்லை.

“கண்ணப் பாத்திருந்தா வண்டி போயிருக்கும். வண்டியப் புடிச்சுக்கிட்டேன். இப்ப ரெண்டும் இல்ல” என்றார்.

அண்ணி துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார். டிவியைப் போட்டேன். பளிச்சென்று படம் வந்தது. அதை அண்ணி பார்க்கக்கூட இல்லை. துணியை மடிக்க உட்கார்ந்தவருக்குத் திரும்பவும் மனது ஆறவில்லை.

“ஒரே ஒரு ஆள்கிட்ட அந்தச் சீட்டக் காட்டியிருந்தாப் போதும். விவரம் தெரிஞ்ச ஆளா ஒருத்தர். ஐயோ இது கண்ணாச்சேன்னு அவராவது சொல்லியிருப்பார்ல. இல்லையா தம்பி?”

அண்ணன் நான் உட்கார்ந்திருந்த இடத்தை நோக்கி முகத்தைத் திருப்பினார். நான் அதற்குள் எழுந்து வாசலருகே வந்திருந்தேன்.

“ஆமாண்ணி” என்றேன்.