பதினேழாம் நம்பர் ஏற்றிவிட்ட கடிகாரம்

தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், மாரியம்மன் சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் ஏலத்துக்கு வந்தால் எல்லோரும் அழகரைத்தான் தேடுவார்கள். அவர் அதை ஒருதடவைகூட வாங்கியதில்லை. வாங்கும் உத்தேசமும் கிடையாது. கேள்வி சோர்ந்துபோகும் நேரம் பார்த்து நாலு தரம் விலையை ஏற்றிவிடுவார். லொறி முதலாளி யாருக்காவது ரோசம் வந்து மேலே கேட்டுவிடுவார். பழம் முதலாளிக்கு, காசு அம்மனுக்கு, பேர் அழகருக்கு. போன வருஷம் ஒரு பழம் அறுபத்தெட்டாயிரத்துக்குப் போனது அவருடைய கைங்கரியம்தான்.

அந்தக் கைவரிசையை விஜயலெட்சுமிக்காகக் காட்டத்தான் அன்று பதுளைக்கு பஸ் ஏறினார். பக்கத்து லயத்து வீட்டுக்காரி, தங்கச்சி முறை. ஏழு பேர்ச் காணியில் அவள் கட்டும் வீட்டுக்குச் சுவர் எழும்பிவிட்டது; கூரை இல்லை. ஐப்பசி மழைக்கு முந்திப் போடாவிட்டால் சுவரும் மிஞ்சாது. விற்பதற்கு அவளிடம் இருந்தது ஒரேயொரு தங்கக் கைக்கடிகாரம். பங்களாவில் அப்புவாகச் சமைத்த அவள் மாமனாருக்கு, சீமைக்குப் போகும்போது வெள்ளைக்காரத் துரை கழற்றிக் கொடுத்தது. பழைய சாமான் சேர்ப்பவர்களுக்காகக் கொழும்புக் கம்பனியொன்று பதுளை ஹோட்டலில் ஏலம் நடத்துகிறது என்று கேள்விப்பட்டு அங்கே கொடுத்திருந்தாள்.

வாசலில் அடையாள அட்டையைப் பார்த்து, இங்கிலீஷ் காகிதமொன்றில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, பதினேழு என்று எழுதிய பலகையைக் கையில் கொடுத்தார்கள். வாசிக்காமல் கையெழுத்துப் போடுவதில் அழகருக்கு நாற்பது வருஷத் தோட்ட அனுபவம்.

உள்ளே மேளமில்லை, சத்தமில்லை. கோட்டுப் போட்ட ஏலக்காரர் ரிஷி, "சுவிஸ்ல செஞ்சது, பதினெட்டு கரட், விசேஷத்துக்குக் கட்டுற மெல்லிசு ரகம். சாவி குடுத்தா இப்பவும் ஓடுது" என்றார். யார் கேட்கிறார்கள் என்றே அழகருக்கு விளங்கவில்லை. முன்வரிசையில், பழைய கடிகாரம் சேர்க்கும் ஸரூக் மூக்கைத் தடவினார். விலை இருபதாயிரம் ஏறியது. மூன்று லட்சத்து நாற்பதாயிரம் என்று ஸரூக் கேட்டதோடு மண்டபம் சோர்ந்தது.

அழகர் பலகையைத் தூக்கினார். ஸரூக் கையைக் கட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத் தூணுக்குப் பின்னாலிருந்து இருபத்துமூன்று என்ற பலகை எழும்பியது. ஆள் தெரியவில்லை. எவனோ பெரிய முதலாளி! அழகர் ஏற்றினார். தூண் ஏற்றியது. ஐந்து, ஏழு, ஒன்பது லட்சம். கடைசியாக ஒரே ஒரு தரம் என்று ஒன்பது லட்சத்து இருபதாயிரத்துக்குத் தூக்கினார். கோயிலில் இந்த நேரம் பொருளாளர் வெற்றிலை போட்டு, சோடா குடித்து, ரெண்டாம் தரம் சொல்லவே கால்மணி ஆகும். இங்கே கையை இறக்குவதற்குள் மேசையில் டொக்கென்று ஒரு தட்டு.

"வாழ்த்துகள், பதினேழு!"

அந்தப் பதினேழு யாரென்று அழகர் பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

தூணுக்கு ஓடினார். அங்கே விஜயலெட்சுமியின் அண்ணன் மகன், மடுல்சீமைப் பள்ளிக்கூட வாத்தியார் ரஜீவ்.

"பெரியப்பா, நீங்களா? நான் அத்தைக்காக வெலைய ஏத்திவிட்டேன்!"

"அடப்பாவி, நான்தானேடா ஏத்திவிட்டேன்!"

"அப்ப வாங்குறது யாரு?"

ஆட்களுக்குப் பின்னால் சுவரோரம் இருந்த விஜயலெட்சுமி சிரிப்பும் கண்ணீருமாக வந்தாள். "அண்ணே, ஒம்பது லட்சம்! கூரை என்னண்ணே, மாடியே போடலாம். யாரு வாங்குன மகராசன்?"

"நான்தாம்மா."

அவள் பலகையைப் பார்த்தாள். சிரிப்பு ஒரு பக்கமாக இறங்கியது.

ரிஷி விற்பனைக் காகிதத்தோடு வந்தார்; அழகர் கையை விரித்தார். "நீங்க எடுக்கலன்னா அடுத்ததா கேட்டவருக்குக் குடுக்கலாம்."

"அவரும் நம்ம ஆளுதாங்க," என்றார் அழகர்.

அதற்குள் ஸரூக் வந்து குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்லுங்க. எனக்குத் தெரியாத என்னமோ ஒங்க ரெண்டு பேருக்கும் தெரிஞ்சிருக்கு. அந்தக் கடிகார மூடிக்குள்ள என்ன இருக்கு?"

ஒரு பொய் சொன்னால் போதும். உள்ளே துரை பெயர், ராணி பெயர், ஏதாவது பொறித்திருக்கிறது என்று. அழகர் வாயைத் திறந்துவிட்டார். எந்தப் பொய் என்றுதான் பிடிபடவில்லை.

விஜயலெட்சுமி முந்திக்கொண்டாள். "உள்ள ஒன்னுமில்லீங்க மொதலாளி. எம்மேல உள்ள பாசத்துல ரெண்டு பேருக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சு. நீங்க கடைசியா கேட்ட வெலைக்கே எடுத்துக்குங்க."

ஸரூக் மூன்று முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றையும் நம்பியதாகத் தெரியவில்லை. "பத்தாயிரம் கூட்டி மூணு அம்பது தாறேன்," என்றார். "ஆனா ஒருநாளைக்கு உண்மையச் சொல்லணும்."

ரிஷி தலையைச் சொறிந்துகொண்டு காகிதத்தை மாற்றி எழுதினார்.

பஸ் ஸ்டாண்டில் அழகர் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணினார். பிறகு கேட்டார்: "தங்கச்சி, நான் ஒனக்கு நல்லது செஞ்சேனா, கெட்டது செஞ்சேனா?"

"பத்தாயிரத்துக்கு நல்லதுண்ணே. அந்த ரெண்டு நிமிஷம் என்னை மாடி வீட்டுக்காரியாக்குனீங்களே, அதுக்குத்தான் என்ன செய்யிறதுன்னு தெரியல." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "சனிக்கெழம கூரைத் தகரம் வருது. ரஜீவையும் இழுத்துக்கிட்டு வந்து எறக்கிக் குடுங்க."