ரிலேவுக்கு வேண்டிய ஐந்து வோல்ட்

1

அவரை எல்லாரும் மில்லிவோல்ட் என்றே அழைப்பர். ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர். பிறர் வோல்ட்டில் பார்ப்பதை அவர் அதன் ஆயிரத்தில் ஒரு பங்கில் பார்ப்பார். அதனால் வந்த பெயர். அவருக்கு இரண்டு வழக்கங்கள் உண்டு. திறந்த பெட்டிக்குள் வலக்கை வேலை செய்யும்போது இடக்கை கால்சட்டைப் பைக்குள் இருக்கும். உள்ளே முந்நூறு வோல்ட் ஓடுகிறது. இரு கையாலும் தொட்டால் அது நெஞ்சின் வழியே போய்விடும். மற்றொன்று, பெட்டியில் கம்பி செருகும் ஜாக் எதைப் பொருத்தினாலும் துளையைச் சுற்றிலும் பெயிண்டைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் ஒட்டும்படி இறுக்குவார்.

(இக்கதை அந்த இடக்கையிலிருந்து பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் வானொலியைப் பழுதுபார்க்கக் கொடுக்கப் போனபோது, அக்கை பைக்குள் எதையோ உருட்டிக்கொண்டிருந்தது. ஒரு பிளாஸ்டிக் வளையம் என்று குறித்துக்கொண்டேன். அழகுக்காகச் சேர்த்ததுதான், அதற்குக் கதையில் வேலையில்லை.)

2

தொடக்கம் மூன்று எழுதினேன். "மழை ஓய்ந்த அந்த மாலையில்" – அடித்துவிட்டேன். மழைக்கும் ரிலேவுக்கும் தொடர்பில்லை. "இசை என்பது யாதெனில்" – எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது. மூன்றாவது, அவர் மனைவி பேசியது. அது நிற்கிறது.

"என்னங்க, அஞ்சு வாரம் ஆச்சு. நான் என்ன ராக்கெட்டா கேட்டேன்?"

மனைவி கிதார் வாசிப்பவர். நாற்பத்தாறாம் வயதில் மூவர் குழுவொன்றில் இடம் கிடைத்திருக்கிறது. சனிக்கிழமை பிற்பகல் முதல் நிகழ்ச்சி. அவருக்காகவே மில்லிவோல்ட் கண்ணாடி வால்வுகளை வைத்து ஓர் ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தார். அதில் இரண்டு வழிகள்: ஒன்றில் ஒலி தெளிவாக வரும், மற்றதில் கரகரத்து வெடிக்கும். பாட்டின் நடுவே ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவவேண்டும். கைகள் தந்தியில் இருப்பதால் காலால்தான் இயலும். கால்சுவிட்சை மிதித்தால், உள்ளே ரிலே என்னும் விரல்நகமளவு கருவி டிக் என்று வழியை மாற்றும். அதற்கு ஐந்து வோல்ட் நேர்த்திசை மின்சாரம் வேண்டும். அவ்வளவே. அதுதான் ஐந்து வாரமாக நடக்கவில்லை.

"டிரம்ஸ்காரர்கிட்ட கடையில வாங்கின ஆம்ப் ஒண்ணு இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துப் பார்ப்பேன். அப்புறம் அதைத்தான் தூக்கிட்டுப் போவேன்."

தாம் கட்டியது வீட்டு மூலையில் கிடக்க, மனைவி வேறொன்றில் வாசிப்பதை நினைக்கவே அவருக்கு

(இவ்வாக்கியத்தை முடிக்க மனமில்லை.)

3

முந்நூறு வோல்ட் உள்ள பெட்டியில் ஐந்து வோல்ட்டுக்குப் பஞ்சம் என்றால் எந்த வாசகர் நம்புவார்? வால்வுகளைச் சூடாக்க ஆறு வோல்ட் சொச்சம் உண்டு, அதுவும் மாறுதிசை.

"ஒரு பேட்டரி வெச்சா என்ன?"

"நடுப்பாட்டுல தீர்ந்துபோனா?"

"சரி, போன் சார்ஜர்?"

"அதோட இரைச்சல் உனக்குத் தெரியாதும்மா."

"எனக்குத் தெரியாத இரைச்சலா? அஞ்சு வாரமா உங்ககூடத்தானே இருக்கேன்."

(நானாயின் சார்ஜரை ஏற்றிருப்பேன். "அவர் சார்ஜரைப் பொருத்தினார்" என்று எழுதியும் பார்த்தேன். அதற்கடுத்த வாக்கியம் வரவேயில்லை. மனிதர் அசையமாட்டேன் என்கிறார்.)

அந்த ஆறு வோல்ட்டையே நான்கு டயோடுகளால் நேராக்கி, ஐந்துக்கு இறக்கினார். ஒரே ஒரு நிபந்தனை: இப்புதிய மின்சாரத்தின் எதிர்முனை பெட்டியின் உலோகத்தில் எங்கும் படலாகாது. ஆறு வோல்ட்டின் நடுப்புள்ளி ஏற்கெனவே அவ்வுலோகத்தோடு கட்டப்பட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஷார்ட் ஆகிவிடும். அவருக்கு இது தெரியாதா? டயோடுகள் இருந்த பலகையைப் பிளாஸ்டிக் கால்களின்மேல் நிறுத்தினார்.

மேசைமேல் வைத்தால் ரிலே டிக் என்றது. பெட்டிக்குள் பொருத்தினால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமியது. டயோடில் சூட்டால் விரல் வைக்க முடியவில்லை. டயோடுகளை மூன்று முறை மாற்றினார். பலகையையே புதிதாகச் செய்தார். மறுபடியும் உறுமல். இப்பத்தியை நானும் நான்கு முறை எழுதினேன், நானும் உறுமினேன்.

4

வெள்ளிக்கிழமை காலை. துவைக்கப் போட்ட கால்சட்டையின் பையைத் துழாவிய மனைவி கேட்டார்:

"இது என்னங்க, பையிலயே வெச்சுச் சுத்துறீங்க?"

"கால்சுவிட்ச் ஜாக்கோட வந்த வளையம். தேவையில்லைன்னு எடுத்து..."

பேச்சு நின்றது. கதாசிரியனின் சூழ்ச்சி என்பீர்கள். சத்தியமாக இல்லை. அழகுக்கு என்றுதான் வைத்தேன்.

"என்ன, முழிக்கிறீங்க?"

"அந்த ஜாக்லதான் எதிர்முனை வருது. அது பெட்டியில படாம இருக்கத்தான் இந்த வளையம்."

"நீங்க அதைக் கழட்டிட்டீங்க."

"பெயிண்டையும் சுரண்டினேன்."

"நல்லா சுரண்டினீங்களா?"

"ரொம்ப நல்லா."

மனைவி வாய்விட்டுச் சிரித்தார், மில்லிவோல்ட் சிரிக்கவில்லை.

(ஏன் முன்பே அளந்து பார்க்கவில்லை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். இருநூறு ஜாக்குகளைச் சுரண்டியவர் இருநூற்று ஒன்றாவதைச் சந்தேகிப்பதில்லை.)

5

வளையம் ஏறியது, உறுமல் அடங்கியது. மனைவி மாலை முழுவதும் மிதித்து மிதித்து வாசித்தார். கதை இங்கே முடிந்திருக்கலாம். மில்லிவோல்ட் விடுவாரா?

"மாறும்போது ஸ்பீக்கர்ல சின்னதா டப்புன்னு ஒண்ணு கேக்குதா?"

"எனக்குக் கேக்கல."

"எனக்குக் கேக்குது. இன்னும் ஒரே ஒரு நாள் குடு."

"ஒரு நாளா? நாளைக்குத்தான் சனிக்கிழமை. வாசல்ல வண்டி வந்து நிக்கும்."

முடிவுகள் இரண்டு வைத்திருக்கிறேன். முதலாவதில் அவர் டப்பையும் நீக்கிவிடுகிறார், அரங்கம் கைதட்டுகிறது. படிக்க எனக்கே கூசுகிறது. இரண்டாவதில் பெட்டியைத் திறந்து மீண்டும் எதையோ கெடுக்கிறார். மனைவி டிரம்ஸ்காரரிடம் போகிறார். எரிச்சலில் இதைத்தான் முதலில் எழுதினேன். அரங்கில் என்ன நடந்தது என்பதை வாசகரே எழுதிக்கொள்க. சனிக்கிழமை காலை வாசலில் மில்லிவோல்ட் சொன்னதை மாற்ற மட்டும் எனக்கு உரிமையில்லை.

வலக்கையில் திருப்புளி இருந்தது. அதை மேசைமேல் வைத்துவிட்டு வந்து, இரு கையாலும் பெட்டியைத் தூக்கி வண்டியில் ஏற்றினார்.

"நீங்க ஏறலையா?" என்றார் மனைவி.

"நான் வரல. வந்தா தொடுவேன்."